எல்லாருக்கும் எட்டும் கட்டை

ஞாயிறு ஆராதனையின் முதல் முடிவை எடுப்பவர், ஆர்மோனியப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர்தான். முதல் பாட்டை எந்தக் கட்டையில், அதாவது எந்தச் சுருதியில், தொடங்குவது என்று அவர் தீர்மானித்ததுமே, அன்று காலை யார் பாடப்போகிறார்கள், யார் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கப்போகிறார்கள் என்பதும் தீர்மானமாகிவிடுகிறது. போதகர் இன்னும் வாய் திறந்திருக்கமாட்டார். மணி அடித்து ஓய்ந்திருக்கும். அதற்குள் ஆலயத்தில் பாதிப் பேருக்கு இடம் கிடைத்திருக்கும், அல்லது பறிபோயிருக்கும். ஆர்மோனியமும் கீபோர்டும் வாசித்தே வளர்ந்த எனக்கு, இந்தத் தொழிலைப் பற்றிச் சொல்ல ஒரே ஒரு விஷயம் உண்டென்றால் அது இதுதான்: துணைவாத்தியம் என்பது நீதி சம்பந்தப்பட்ட வேலை.

நான் குடியிருப்பது கனகசெட்டிக்குளத்தில். புதுச்சேரி ஆட்சிப் பகுதியின் வடக்கு விளிம்பு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டைத் தாண்டி வந்தால் எங்கள் ஊர். இன்னும் கொஞ்சம் போனால் தமிழ்நாட்டு எல்லை. கடலோரத்தில் மீனவர் குப்பம், சாலைக்கு மேற்கே வயலும் சவுக்குத் தோப்பும். இந்தச் சுற்றுவட்டாரத்துச் சிறு ஆலயங்களில்தான் வாசித்துவருகிறேன். பெரும்பாலும் தென்னிந்தியத் திருச்சபைக் கூட்டங்கள். கத்தோலிக்க நண்பர்கள் திருவிழாவுக்குக் கூப்பிட்டால் அங்கேயும் போவேன். வருகிறவர்களில் கூடை சுமக்கும் பெண்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள், வயல்வேலைக்காரர்கள், கல்லூரி அலுவலர்கள் எல்லாரும் உண்டு. நால்வகைக் குரலில் பயிற்சி பெற்ற பாடகர் குழு எங்களுக்குக் கிடையாது. சபை முழுவதும்தான் பாடகர் குழு.

நான் வாசிக்கும் பழைய கால் ஆர்மோனியத்தோடு ஒரு ஸ்டூலும் உண்டு. அதன் பலகையைத் தூக்கினால் உள்ளே ஒரு பெட்டி. வாசிப்பவனுடைய உடைமை எல்லாம் அதற்குள் அடக்கம்: அட்டை கிழிந்த பாமாலை, கீர்த்தனைப் புத்தகம், பென்சிலால் எழுதிய ஒரு நோட்டு, சின்ன அரம், சவர பிளேடு, ஒரு துண்டு ஆட்டுத்தோல், கொஞ்சம் பசை, ஒரு ஒலிநாடா, மூக்குக் கண்ணாடி. எங்கள் தொழில்காரர்கள் விட்டுப்போகிற சொத்து ஏறத்தாழ இவ்வளவுதான். ஆனால் இந்தப் பொருள்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தால், இந்த மண்ணில் ஒரே பாட்டைச் சேர்ந்து பாடுவதற்கு மனிதர்கள் பட்ட பாடு முழுவதும் அதில் தெரியும்.

முதலில் அந்த நோட்டு. அதில் இருப்பதெல்லாம் பாட்டு எண்ணும் கட்டையும். பாமாலையில் உள்ள பல மெட்டுகள் ஐரோப்பாவில் பயிற்சி பெற்ற குழுக்களுக்காக எழுதப்பட்டவை. உச்ச ஸ்வரம் மேல்ஸ்தாயி 2½ கட்டை, 3 கட்டை வரை போகும். பயிற்சி உள்ள பெண்குரலுக்கு அது ஒன்றுமில்லை. பொழுது விடியுமுன் துறைக்குப் போய் ஏலத்தில் கத்தி, அப்புறம் தெருத்தெருவாக மீன் கூவி விற்கிற தொண்டைக்கு அது எட்டாது. ஆண்களுக்கோ இன்னும் சிரமம். மேலேயும் போக முடியாமல் கீழேயும் இறங்க முடியாமல் மூன்றாவது வரியிலேயே நிறுத்திவிடுவார்கள். அதனால் நான் வைத்திருக்கும் கணக்கு எளிமையானது: பாட்டின் உச்சம் மேல்ஸ்தாயி 2 கட்டையைத் தாண்டக் கூடாது. 2½ கட்டையில் அச்சாகியிருக்கும் பாட்டை 1 கட்டைக்கு இறக்குவேன். காலை ஆறு மணி ஆராதனை என்றால் இன்னும் அரைக் கட்டை கீழே. அந்த நேரத்தில் யாருக்கும் குரல் திறந்திருக்காது. மாலைக் கூட்டத்தில் அதே பாட்டு அரைக் கட்டை ஏறலாம். மழைக்காலத்தில் சளி பிடித்த சபைக்கு ஒரு கட்டை, கோடையில் வேறொரு கட்டை.

பின்வரிசையில் உட்கார்கிற ஒரு அம்மா, ஆராதனை முடிந்ததும் என் அருகில் வந்து சொன்னார்: "தம்பி, அந்த மூணாவது பாட்ட கொஞ்சம் எறக்கிப் போடுப்பா. மேல போறப்ப எங்களுக்கு மூச்சு கட்டுது. முன்னாடி ஒக்காந்திருக்கிற பொண்ணுங்க மட்டும்தான் பாடுது." சரிங்கம்மா என்றேன். அடுத்த வாரம் ஒன்றரைக் கட்டை இறக்கினேன். பின்வரிசையிலிருந்து வந்த குரல் எனக்கு முன்னால் இருந்த பெட்டியின் சத்தத்தை மூடிவிட்டது. பின்வரிசையில் யார் உட்கார்கிறார்கள் என்பது நம் ஊர்களில் தற்செயலாக அமைவதில்லை. கட்டையை இறக்குவது என்றால் பின்வரிசையை முன்னால் கொண்டுவருவது.

வேகமும் அப்படித்தான். வரி முடிந்ததும் முழு மூச்சு ஒன்று விட்டுக்கொடுக்க வேண்டும். அந்த மூச்சைத் தாளக்கட்டு என்ற பேரில் திருடுகிற வாசிப்பாளர்கள் உண்டு. கீபோர்டில் தானியங்கித் தாளத்தைப் போட்டுவிட்டால் அது யாருக்காகவும் நிற்காது. வயதானவர்கள் இரண்டாவது சரணத்தில் கழன்றுகொள்வார்கள். அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தின் அடையாளமாகிப்போன 'வீ ஷல் ஓவர்கம்' பாட்டின் வரலாறு இதற்கு நல்ல பாடம். 1945–46இல் தென்கரோலினாவின் சார்ல்ஸ்டனில் புகையிலை ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, லூசில் சிம்மன்ஸ் என்ற பெண் தொழிலாளி அதை மிக மெதுவாக இழுத்துப் பாடினார். குளிரில் மறியல் வரிசையில் நிற்பவர்கள் ஒருவரோடொருவர் குரல் சேர்த்துக்கொள்ள அந்த மெதுவான நடை இடம் கொடுத்தது. பின்னாளில் ஊர்வலத்துக்குத் தகுந்தபடி அதே பாட்டு நடை மாறியது. பாடுகிறவர்களின் கால் எங்கே இருக்கிறதோ அதைப் பார்த்துத்தான் வேகம் வைக்க வேண்டும்.

அடுத்து கீர்த்தனைப் புத்தகம். தமிழ்க் கிறிஸ்தவ இசை என்றதும் முதலில் சொல்ல வேண்டிய பெயர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார், 1774 முதல் 1864 வரை வாழ்ந்தவர். சரபோஜி மன்னரின் ஆதரவு பெற்ற புலவர், பெத்லகேம் குறவஞ்சியைப் பாடியவர். கோயிலுக்குள் தமிழ்ப் பாட்டும் நம்முடைய வாத்தியமும் வேண்டும் என்று வாதாடியவர் அவர். அந்த வாதத்துக்கு நாங்கள் என்றைக்கும் கடன்பட்டவர்கள். ஆனால் 1820களின் இறுதியில் புதிதாக வந்த மிஷனரிகளை எதிர்த்து அவரும் தஞ்சைக் கிறிஸ்தவர்கள் சிலரும் எழுதிய முறையீட்டில், தமிழ்ப் பாட்டைத் தடுப்பது ஒரு குறையாகவும், சாதிகளை ஒன்றாகக் கலக்கச் சொல்வது இன்னொரு குறையாகவும் அருகருகே நின்றன. ஒரே மனிதர், ஒரே மனு. அவருடைய மெட்டுகளை வாசிக்கும்போது இந்த இரண்டும் எனக்குத் தெரிந்தே இருக்கின்றன. அந்தப் பாட்டை விட்டுவிட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அவர் யாரைத் தள்ளி உட்காரச் சொன்னாரோ அவர்களுடைய தொண்டைக்கு ஏற்ற கட்டையில் அவருடைய பாட்டை வாசிக்கிறேன். அதுதான் என்னால் முடிந்த திருத்தம்.

தள்ளி உட்காரச் சொன்ன கதைக்கு எங்கள் புதுச்சேரியே பழைய சாட்சி. மிஷன் வீதியில் இருக்கும் சம்பா கோயில் என்கிற ஜென்மராக்கினி மாதா ஆலயம் 1791இல் கட்டி முடிக்கப்பட்டது. அதற்கு முன்பு அதே இடத்தில் இருந்த கோயிலை 1761இல் ஆங்கிலேயர் ஊரோடு சேர்த்து இடித்தார்கள். அந்தப் பழைய கோயிலுக்குள் ஒரு சுவர் இருந்ததை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். ஒரு பக்கம் பறையர் கிறிஸ்தவர்கள். மறுபக்கம் மற்றச் சாதிக் கிறிஸ்தவர்களும் வெள்ளைக்காரர்களும். 1745 அக்டோபரில், நாங்களும் உங்கள் சீடர்கள்தானே, எங்களுக்கு மட்டும் ஏன் இந்த மறைப்பு என்று அந்த மக்கள் பாதிரியாரிடம் போய்க் கேட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. மற்றச் சாதியார் கொதித்தெழுந்தார்கள். மார்ட்டின் லூதர் கிங் பிறப்பதற்கு 183 வருடம் முன்பு, எங்கள் ஊரில் எழுந்த உரிமைக் குரல் அது.

சுவர்கள் அதோடு தீர்ந்துவிடவில்லை. நெல்லைச் சீமையில் வடக்கன்குளம் ஆலயத்தை 1872இல் கட்டியபோதே இரு வேறு சாதியார் தனித்தனியாக இருக்கும்படி, நடுவில் சுவரோடு இரண்டு கிளையாகக் கட்டினார்கள். இரண்டு கிளையிலிருந்தும் பீடம் தெரியும். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. 1910இல் கௌசானல் சுவாமி அந்தச் சுவரை இடித்தார். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. சாதிப் பிரிவினையை உரிமையாகக் கேட்டவர்கள் தோற்றார்கள். ஏறத்தாழ நூறு வருடம் கழித்துக்கூட, புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்துக்கு உட்பட்ட எறையூரில், தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதை ஒட்டி 2008 மார்ச்சில் கலவரம் வெடித்தது. போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். பொதுவழியாகச் சவம் எடுத்துச் செல்வதற்குக்கூட அந்த ஊரில் தகராறு இருந்தது.

அந்த வடக்கன்குளத்துச் சுவருக்குள் பாட்டு எப்படிக் கேட்டிருக்கும் என்று ஒரு வாசிப்பாளனாக நான் யோசித்துப் பார்ப்பதுண்டு. நடுவில் சுவர் இருந்தால் இரண்டு கூட்டமும் ஒரே வேகத்தில் பாட முடியாது. இந்தப் பக்கத்து மூச்சு அந்தப் பக்கத்துக்குத் தெரியாது. ஒரு பக்கம் அரை மாத்திரை முந்தும், மறுபக்கம் பிந்தும். சேர்ந்து பாடுவது என்பது அடுத்தவர் மூச்செடுப்பதைக் கேட்பது. அது கேட்காத கட்டடத்தில் எவ்வளவு நல்ல வாத்தியம் வைத்தாலும் பாட்டு ஒன்றாகாது.

இங்கேதான் கடல் தாண்டி ஒரு வாசிப்பாளரைச் சொல்ல வேண்டும். மார்ட்டின் லூதர் கிங்கை அறியாதவர் இல்லை. அவருடைய தாயார் ஆல்பர்டா வில்லியம்ஸ் கிங் ஒரு ஆலய ஆர்கன் வாசிப்பாளர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அட்லாண்டா நகரத்து எபனேசர் பாப்டிஸ்ட் ஆலயத்தில் 1932 முதல் ஆர்கன் முன்னால் உட்கார்ந்தவர் அவர். தகப்பனார், கணவர், மகன் என மூன்று பேரும் அந்த ஆலயத்தில் பிரசங்கம் செய்தவர்கள். கணவரும் மகனும் பிரசங்கிக்க, வாசித்தவர் அவர். ஆலயப் பாடகர் குழுவை உருவாக்கி வளர்த்தவரும் அவரே. மகனுடைய பேச்சில் இருந்த ஏற்ற இறக்கமும், ஒரு வாக்கியத்தை எங்கே நிறுத்தி எங்கே மூச்சு விடுவது என்ற அளவும், சின்ன வயதில் அந்த ஆர்கனுக்குப் பக்கத்தில் நின்று கேட்டதில் ஊறியது என்று நான் நம்புகிறேன். ஆலயத்தில் வாசித்தவர்கள் அந்தப் பேச்சைக் கேட்டால் இதை ஒப்புக்கொள்வார்கள்.

அந்த அம்மாளின் வாழ்க்கையில் இரண்டு நாட்கள் என்னை விடாமல் பிடித்திருக்கின்றன. ஒன்று 1939 டிசம்பரில். 'கான் வித் த விண்ட்' படத்தின் முதல் காட்சிக்காக அட்லாண்டா விழாக்கோலம் பூண்டிருந்தது. வெள்ளையர் மட்டும் கூடிய ஒரு விருந்தில் எபனேசர் குழு பாடியது, அடிமை வேடத்தில். பத்து வயது மகனும் அந்த வேடத்தில் மேடையில் உட்கார்ந்திருந்தான். பாட்டு மட்டும் உள்ளே போகலாம், பாடுகிறவர்கள் சமமாக உள்ளே போகக் கூடாது என்ற ஏற்பாடு. நம் ஊரில் திருவிழாவுக்கும் சாவுக்கும் கொட்டடிக்கக் கூப்பிட்டுவிட்டுக் கூலியைத் தூர நின்று போட்டதை அறிந்தவர்களுக்கு இது அந்நிய நாட்டுச் சங்கதியாகத் தெரியாது.

இன்னொன்று 1974 ஜூன் 30, ஞாயிறு. மகன் மெம்ஃபிஸில் சுட்டுக்கொல்லப்பட்டு ஆறு வருடம் ஆகியிருந்தது. ஆராதனையில் கர்த்தருடைய ஜெபத்தை ஆர்கனில் வாசித்துக்கொண்டிருந்தபோது, உள்ளே வந்திருந்த ஓர் இளைஞன் எழுந்து சுட்டான். வாசித்துக்கொண்டிருந்த இடத்திலேயே ஆல்பர்டா கிங் விழுந்தார். அவரும் எட்வர்ட் பாய்கின் என்ற ஆலய ஊழியரும் இறந்தார்கள். அந்தக் கொலைகாரனுக்கு விதித்த மரண தண்டனை பிற்பாடு ஆயுள் தண்டனையாக மாறியது. மரண தண்டனைக்கு எதிராக நின்றவர்களில் கிங் குடும்பத்தாரும் உண்டு. ஆர்கன் வாசிப்பவர் பெரும்பாலும் சபைக்கு முதுகைக் காட்டியோ பக்கவாட்டிலோதான் உட்கார்வார். சபையை முழுமையாக நம்பி உட்கார்கிற இடம் அது.

மகன் கடைசியாகக் கேட்டதும் ஒரு பாட்டுத்தான். 1968 ஏப்ரல் 4 மாலை, மெம்ஃபிஸ் லொரெய்ன் மோட்டலின் மாடியில் நின்றபடி, கீழே இருந்த இசைக்கலைஞர் பென் பிராஞ்சிடம், அன்றிரவுக் கூட்டத்தில் 'பிரஷஸ் லார்ட்' பாட்டை நன்றாக வாசிக்கும்படி கேட்டுக்கொண்டார். அடுத்த நிமிடங்களில் குண்டு பாய்ந்தது. அந்தப் பாட்டை 1932இல் எழுதியவர் தாமஸ் டார்சி. மனைவி பிரசவத்தில் இறந்து, பிறந்த குழந்தையும் இறந்துபோன துக்கத்தில் எழுதியது. கிங்கின் அடக்க ஆராதனையில் மஹலியா ஜாக்சன் அதைப் பாடினார். கூட்டத்துக்கு முன் வாசிக்கிற மனிதனிடம் போய் இந்தப் பாட்டை வாசி என்று சொல்வது, அந்த மக்களிடையே அவ்வளவு இயல்பான காரியமாக இருந்தது. இசைக்காரர் அவர்களுடைய போராட்டத்தில் பக்கவாத்தியமாக ஒதுங்கி நிற்கவில்லை.

கிங் நம் நாட்டுக்கு வந்தது 1959 பிப்ரவரி, மார்ச்சில். சென்னை, காந்திகிராமம், மதுரை எல்லாம் வந்து போனார். திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் அவரை அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் ஒரு தீண்டத்தகாதவர் என்று மாணவர்களுக்கு அறிமுகம் செய்தாராம். முதலில் அதிர்ச்சியாக இருந்தது, பிறகு யோசித்தபோது ஆமாம், நானும் என் மக்களும் அப்படித்தானே நடத்தப்படுகிறோம் என்று ஒப்புக்கொண்டதாக 1965 ஜூலை 4 அன்று எபனேசர் ஆலயத்துப் பிரசங்கத்தில் அவரே சொன்னார். அவர் தாயார் ஆர்கன் வாசித்த அதே ஆலயத்தில்.

ஸ்டூல் பெட்டிக்குள் இருக்கும் அரத்துக்கும் தோலுக்கும் வருகிறேன். எங்கள் ஊரில் கடற்காற்று வாத்தியத்தைச் சும்மா விடாது. பித்தளை ரீடில் களிம்பு ஏறும், இரும்புத் திருகு துருப்பிடிக்கும், ஐப்பசி அடைமழையில் கட்டைகள் ஊதிப்போய் அழுத்தினால் எழும்பாது. மழை மாதங்களில் பெட்டிக்குள் ஒரு ஜீரோ வாட் பல்பை எரியவிடுவேன், ஈரம் தங்காது. சுருதி விலகிய ரீடைச் சரிசெய்வது பொறுமையான வேலை. நாக்குக்கு அடியில் சவர பிளேடைச் செருகித் தாங்கல் கொடுத்துக்கொண்டு, நுனியில் மெல்லச் சுரண்டினால் சுருதி ஏறும். அடிப்பக்கம் சுரண்டினால் இறங்கும். ஒரே ஸ்வரத்தின் இரண்டு ரீடுகளைச் சேர்த்து ஒலிக்கவிட்டால், சேராதவரை ஒலி அலை அலையாக அடிக்கும். சேரச் சேர அலை மெதுவாகும். முழுதும் சேர்ந்ததும் அலை நின்று ஒரே கோடாகும். சுரண்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. ஒவ்வொரு இழுப்புக்கும் நிறுத்திக் கேட்க வேண்டும்.

துருத்தி காற்றை விடாமல் பிடிப்பது ஆட்டுத்தோலால். மடிப்புகளின் மூலையில், கட்டைக்கு அடியில் இருக்கும் அடைப்பான்களில், எங்கும் மெல்லிய தோல். தோல் இல்லாமல் ஆர்மோனியம் இல்லை. பெரிய குழாய் ஆர்கனும் இல்லை. பாரிஸில் 1840களில் அலெக்சாந்தர் டெபேன் உருவாக்கிக் காப்புரிமை பெற்ற ஆர்மோனியம், பாதிரிமார் கையில் நம் நாட்டுக்கு வந்து, கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் கையால் தரையில் வைத்து வாசிக்கும் பெட்டியாக மாறியது. 1940இல் அகில இந்திய வானொலி அதை அந்நிய வாத்தியம் என்று வெளியே நிறுத்தியது. 1971இல்தான் கதவு கொஞ்சம் திறந்தது. வானொலி சேர்க்காத காலத்திலும் ஆலயம் அதைப் பீடத்துக்குப் பக்கத்தில் வைத்துப் போற்றியது. ஆனால் தோலால் ஆன இன்னொரு வாத்தியம் ஆலய வாசலுக்கு வெளியேயே நின்றது. பறை.

இதைத் தொழில்முறையாகவே பார்க்கிறேன். ஆர்மோனியத்துக்குள் ஒளிந்திருக்கும் தோலைத் தொட்டு வாசிப்பதில் யாருக்கும் தீட்டு இல்லை. வெளியே தெரிகிற தோலை அடித்தால் தீட்டு. அந்தத் தோலை உரித்துப் பதப்படுத்தியவரும், பறையை இழுத்துக் கட்டியவரும் ஒரே தெருக்காரர்களாக இருக்கலாம். அவர்களுடைய உழைப்பு உள்ளே வரலாம், அவர்களுடைய ஒலி உள்ளே வரக் கூடாது என்பதுதான் விதி. அட்லாண்டா விருந்தில் பாட்டு மட்டும் உள்ளே போன அதே விதி.

இந்த விதியை உடைத்தவர் ஜே. தியோபிலஸ் அப்பாவு, 1940 முதல் 2005 வரை வாழ்ந்தவர். பரட்டை அண்ணன் என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியர். என் பெட்டியில் இருக்கும் ஒலிநாடா அவருடைய பாட்டுகள். பாமாலைக்கும் கீர்த்தனைக்கும் மாற்றாக, நடவுப் பாட்டும் தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும் நடக்கிற மெட்டுகளில், பேச்சுத் தமிழில், ஒரு முழு ஆராதனை முறையையே அவர் அமைத்தார். ஒரே உலையில் பொங்கிச் சேர்ந்து சாப்பிடுவதை அவர் இறையியலாகவே பேசினார். அவருடைய இசைக் கொள்கையில் எனக்கு மிகப் பிடித்தது: பாட்டை மக்கள் மாற்றிப் பாடலாம். தங்கள் ஊர்ப் பிரச்சினையை அதில் சேர்க்கலாம், மெட்டைத் தங்கள் வாய்க்கு வளைக்கலாம். கீர்த்தனையைப் பாட ராகம் படித்திருக்க வேண்டும், பாமாலையைப் பாட நான்கு குரல் படித்திருக்க வேண்டும். இந்தப் பாட்டுகளுக்கு வாழ்ந்திருந்தால் போதும். அமெரிக்க இசையறிஞர் ஸோயி ஷெரினியன் அவரிடம் ஆண்டுக்கணக்கில் பயின்று, 2014இல் அவரைப் பற்றி ஒரு முழு நூலே எழுதியிருக்கிறார். திண்டுக்கல்லில் சகோதரி சந்திரா நடத்தும் சக்தி கலைக்குழுவில் பெண்பிள்ளைகள் பறையடித்து ஆடுவதும் இதே பாதையில் நடந்த பெரிய அடி.

பறையோடு சேர்ந்து வாசிப்பது எங்களைப் போன்ற பெட்டிக்காரர்கள் புதிதாகக் கற்க வேண்டிய வித்தை. பறைக்கு நிலையான சுருதி கிடையாது. கடற்காற்றில் தோல் தளர்ந்துவிடும். வைக்கோலைக் கொளுத்தி அனலில் காட்டினால் முறுக்கேறும். அடிக்குச்சி கனமான ஓசையைக் கொடுக்கும், நீளமான சிம்புக்குச்சி கூர்மையான ஓசையைக் கொடுக்கும். அந்தக் கூர்மையான ஓசை கீபோர்டின் மேல்ஸ்தாயியை அப்படியே விழுங்கிவிடும். அதனால் நான் மேலே போவதில்லை. நடுஸ்தாயியில் மெட்டை மட்டும் தாங்குவேன். இடது கையில் மேற்கத்திய கார்டுகளைக் குவிக்கமாட்டேன். ஷட்ஜமும் பஞ்சமமும் போதும். தாளத்தை முழுதாக அவரிடம் விட்டுவிட வேண்டும். "அண்ணே, நீங்க அடிச்சிட்டுப் போங்க, நான் பின்னாடி வரேன்" என்று பறைக்காரரிடம் சொல்லிவிட்டு வாசிப்பேன். ஆலயத்தில் எப்போதும் முன்னால் போய்ப் பழகிய பெட்டிக்குப் பின்னால் போகத் தெரிவது ஒரு பயிற்சி. இசைக்கும் அது நல்லது. கூட்டத்தின் கால் தானாகவே அசையும்.

பறை உள்ளே வந்த கதையை யோசிக்கும்போது 1963ஆம் வருடத்தை நினைத்துப் பார்க்கிறேன். ஜூலை 1 அன்று புதுச்சேரி யூனியன் பிரதேசத்துக்குச் சட்டமன்றம் வந்தது. ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் கிங் பேசினார். டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாடு பற்றிய ஏட்டை வெளியிட்டது. குழாய் ஆர்கனுக்கு உயர்ந்த மரியாதை கொடுத்த அதே ஏடு, தாய்மொழிக்கும் அந்தந்த மக்களின் சொந்த இசைக்கும் வழிபாட்டில் இடம் கொடுத்தது. லத்தீனில் நின்ற பூசை தமிழுக்கு வந்தது. ஆனால் அந்தந்த மக்களின் இசை என்று எழுதியபோது, தமிழ் மக்களில் யாருடைய இசை என்ற கேள்வி மீதி இருந்தது. கர்நாடக இசை சீக்கிரம் உள்ளே வந்தது. பறைக்குப் பல பத்தாண்டுகள் ஆயிற்று.

சட்டத்திலும் ஒரு சுவர் இன்னும் நிற்கிறது. 1950 ஆகஸ்ட் 10இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதிச் சலுகையை இந்துக்களுக்கு என்று வரையறுத்தது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரான தலித்துக்கு இன்றும் கிடையாது. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் சேர்க்கச் சொல்லிப் பரிந்துரைத்தது. ஒவ்வொரு ஆகஸ்ட் 10ஐயும் தலித் கிறிஸ்தவர்கள் கறுப்பு நாளாக அனுசரித்துக் கூட்டம் போடுகிறார்கள். அந்தக் கூட்டங்களுக்குப் பெட்டி எடுத்துக்கொண்டு போவது என் தொழிலின் பகுதி என்றே நினைக்கிறேன். திறந்தவெளி, மைக் சரியிருக்காது, வெயில். அங்கே 1 கட்டைக்கு மேல் தொடங்கவே கூடாது. கோஷம் போட்ட தொண்டை அது.

கீபோர்டு கற்க வரும் பிள்ளைகளுக்கு இதையெல்லாம்தான் சொல்லிக்கொடுக்கிறேன். விரல் வேகம் தானாக வரும். இப்போதெல்லாம் டிரான்ஸ்போஸ் பட்டன் இருக்கிறது. ஒரு அழுத்தில் கட்டை மாறும். எந்தக் கட்டைக்கு மாற்றுவது என்று அந்தப் பட்டன் சொல்லாது. அதைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் ஆராதனைக்கு முன்னால் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து, அங்கே இருப்பவர்கள் பேசுகிற குரலைக் கேட்க வேண்டும். சாவு வீட்டுக்குக் கூப்பிட்டால் எந்தத் தெரு என்று கேட்காமல் போக வேண்டும். எந்த வீட்டிலும் அதே புத்தகம், அதே பாட்டு, அதே கவனம். பறைக்காரருக்குப் பீடத்துக்கு அருகில் இடம் கேட்டு வாங்க வேண்டும். சுற்றறிக்கைகளும் பிரசங்கங்களும் சமத்துவம் பேசட்டும். அதை வாரந்தோறும் சபையின் தொண்டையில் நடைமுறையாக்குவது வாசிப்பவர் வேலை. எல்லாரும் பாட முடியாத கட்டையில் தொடங்கிய பாட்டு, எவ்வளவு அழகாக வாசித்தாலும், தப்பான பாட்டு.